தள்ளுபடி

தீர்ப்பு வந்த கோடையில்
முதலில் மாறியவை
வண்டிகளின் நம்பர் பிளேட்டுகள்.
அதுவரை இல்லினாய்தான். கொஞ்சம் மிசௌரி.
நவம்பரில் மான் சுட வரும் கென்டக்கி.
பிறகு டென்னசி, மிசிசிப்பி, அர்கன்சா.
ஒருநாள் டெக்சாஸ்,
வழியெல்லாம் மோதிய பூச்சிகள்
முன்கண்ணாடியில் அப்பிக் கிடக்க.

கார்பன்டேலில் ஐம்பத்திரண்டு அறை மோட்டல்.
நான் இரவு மேசை.
எதற்கு வந்தாய் என்று கேட்பது என் வேலை இல்லை.
ஆனாலும் தெரிந்துவிடும்.
மீன் பிடிக்க வருபவன் ஐஸ் எங்கே என்பான்.
இவர்கள் மைக்ரோவேவ் உண்டா என்பார்கள்,
ஒத்தடப் பை சூடாக்க.
ஒருத்தி தூங்கும் மகனைத் தோளில் போட்டபடி
கார்டு தேடினாள்.
மூன்றாவது கார்டு போனது.

சட்டனூகாவிலிருந்து வந்த இருவர்
தொட்டில்கூட வாங்கிவிட்டார்களாம்.
பத்தொன்பது வாரம், மண்டையோடு வளரவே இல்லை
என்று சாவியைக் கையில் வைத்துக்கொண்டு
அவன் சொல்லிக்கொண்டே இருந்தான்,
நான் கேட்காமலே,
ஏதோ நான்தான் நீதிபதி என்பதுபோல.

கணினியில் அவர்களுக்கு ஒரு கட்டம் இருந்தது:
கிளினிக் விலை, இருபது சதவீதம் தள்ளுபடி.
வழக்கு தோற்றாலும் எங்கள் மொழியில் அதே சொல்தான்.
அதற்கு முன் தள்ளிவைப்பார்கள்.
அதற்கும் முன்
யாருக்கோ நாள் தள்ளிப்போயிருக்கும்.

பகல் மேனேஜர் வெர்னா
சனிக்கிழமைகளில் கிளினிக்குக்கு எதிர்ப்புறம்
மடக்கு நாற்காலி போட்டுப் பதாகை பிடிப்பவள்.
தீர்ப்பன்று பீச் பை சுட்டு வந்தாள்.
எனக்கும் ஒரு துண்டு.
நன்றாகவே இருந்தது.

பிறகு ஒரு பிப்ரவரியில் தொலைபேசி.
என் தங்கை அங்கே தங்கினாளா என்றது ஒரு குரல்.
தங்கையின் பிறந்தநாள் கேட்டேன்.
வைத்துவிட்டான்.
முதலாளி அந்தக் கட்டத்தை எடுக்கச் சொன்னார்.
இனித் தள்ளுபடிக்குக் காரணத்தை
நாங்களே தட்டவேண்டும்.

ஏப்ரலில் முழுச் சூரிய கிரகணம்.
நிழல் எங்கள் ஊர்மேல் நான்கு நிமிடம் நிற்குமாம்.
எழுபது டாலர் அறை நானூற்றுக்குப் போனது.
பட்டியலில் மூன்று மட்டும் காலி:
குழாய் ஒழுகுகிறது, வெர்னாவின் எழுத்து.
போய்த் திருகிப் பார்த்தேன்.
ஒரு சொட்டு இல்லை.
கட்டில்மேல் அடர்நிறத் துவாலைகள் ஆறு,
வலி மாத்திரை, உப்பு பிஸ்கட்.
கேட்டேன்.
"மூன்றேகால் ரயிலில் வந்திறங்குகிறார்களே,
எங்கே போவார்கள்?" என்றாள் எரிச்சலாக.
அந்தச் சனிக்கிழமையும்
அவள் நாற்காலி அதே புல்லில் இருந்தது.

கிரகணத்தன்று முழுகாமல் இருப்பவள்
வாசல் தாண்டக்கூடாது என்பார்கள் எங்களில்.
109-இன் பெண் பார்க்கிங்கில் நின்றாள்.
மறுநாள் காலை எட்டரைக்கு அவள் நேரம்.
எனக்குக் கண்ணாடி இல்லை என்று பார்த்துத்
தன்னுடையதை நீட்டினாள்.
கடித்துவைத்த பிஸ்கட்போல் சூரியன்.
திருப்பிக் கொடுத்தேன்.
நடுப்பகலில் கருக்கல் விழுந்தது.
தெருவிளக்குகள் ஏமாந்து எரிந்தன.
எல்லோரும் கைதட்டினார்கள்.
அவள் கைகளை ஜாக்கெட்டுக்குள் வைத்திருந்தாள்,
குளிரும்தான்.

எனக்கும் ஒருமுறை தள்ளிப்போனது,
கோவில்பட்டியில், இருபத்தோரு வயதில்.
டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தார்.
சீட்டில் வயிற்றுவலி என்று எழுதினார்.

அவள் கணக்கை முடிக்கையில்
காரணம் என்ற இடத்தில்
கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.
கிரகணம் என்று தட்டினேன்.

ஜூனிலும் அதையேதான் தட்டுகிறேன்.
அடுத்த கிரகணம் எப்போது என்று
இதுவரை யாரும் கேட்கவில்லை.
வெர்னா தினமும் காலையில்
பட்டியலைச் சரிபார்க்கிறாள்,
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு,
வரி வரியாக.